விமான மாதிரிகளுக்கு மேற்பூச்சு: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகப் பிளாஸ்டிக் விமான மாதிரிகள் செய்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வந்து என்னோடு உட்கார்ந்து செய்வார்கள். பண்டாரவளை, நுவரெலியா, பதுளைப் பக்கமிருந்து போனில் கேட்பவர்களும் உண்டு.

கிட் என்கிற பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டுவதை எல்லோரும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். நிறம் அடித்த பிறகு வரும் வேலையில்தான் மாதிரி கெட்டுப்போகிறது. வீடியோவில் "அரை மணி நேரம் காயவிடுங்கள்" என்று சொல்பவரின் அறையில் ஹீட்டர் ஓடுகிறது. நம் ஜன்னலுக்கு வெளியே மூடுபனி நிற்கிறது. அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நிறம் அடிச்சு முடிச்சாச்சு. இதுக்கு மேல என்ன அண்ணே இருக்கு?

பாதி வேலை இருக்கிறது. நிறம் நன்றாகக் காய்ந்ததும் பளபளப்பான கிளியர், அதாவது நிறமில்லாத தெளிந்த பூச்சு, ஒரு தடவை. அந்த வழவழப்பின் மேல் டெகல், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களும் இலக்கங்களும். டெகல் காய்ந்ததும் அதை மூடி இன்னொரு மெல்லிய கிளியர். அப்புறம் பேனல் கோடுகளில், அதாவது தகடுகள் சேரும் இடைவெளிகளில், கருமை இறக்குவது, பெயின்ட் உரிந்த இடங்கள், புகைக்கறை, எண்ணெய்க்கறை. எல்லாம் முடிந்தபின் மேட், அதாவது மினுக்கம் இல்லாத கிளியர். விமானி அறையின் கண்ணாடி மூடியில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை அதற்கும் பிறகுதான் உரிக்க வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பூச்சும் தனக்குக் கீழே இருப்பதைக் காக்கிறது. கறை வேலையில் கை தவறினால் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யலாம், கீழே உள்ள டெகலுக்கு ஒன்றும் ஆகாது. நடுவில் ஒரு கிளியரை விட்டுவிட்டால் அந்தத் துடைப்பிலேயே சின்னமும் போய்விடும்.

கிட்டிலிருந்து வெட்டி எடுத்தவுடனே அடிக்கலாமா? புது பிளாஸ்டிக்தானே?

அடிக்கக் கூடாது. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர எண்ணெய்ப்பசையான ஒன்றைப் பூசுவார்கள், அது மிச்சம் இருக்கும். நம் விரல் எண்ணெயும் சேரும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி ஒரு இரவு காயவிடுங்கள்.

பிறகு சாம்பல் நிறப் பிரைமர். பெயின்ட் பிடித்து நிற்க அது வேண்டும். அதைவிடப் பெரிய உபகாரம், ஒட்டிய இடத்தில் உள்ள பள்ளத்தையும் கீறலையும் அது காட்டிக்கொடுக்கும். அங்கே 600ஆம் எண் வோட்டர் பேப்பர் என்ற தேய்ப்புத்தாள், பிறகு 1000, தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி பிரைமர் அடியுங்கள். பிரைமரில் தெரிகிற குறை எந்த மேற்பூச்சிலும் மறையாது.

எனாமல், அக்ரிலிக், லாக்கர்னு சொல்றாங்களே, எதுக்கு மேல எதை அடிக்கலாம்?

லாக்கர் வகைப் பெயின்ட்டின் தின்னர், அதாவது அதை நீர்க்கச் செய்யும் திரவம், மிகக் காரமானது, கீழே உள்ளதைக் கரைக்கும். எனாமல் தின்னர் மென்மையானது, மெதுவாகக் காயும். அக்ரிலிக் பெரும்பாலும் தண்ணீரையோ ஆல்கஹோலையோ சேர்ந்தது. காரமானது கீழே, மென்மையானது மேலே. லாக்கருக்கு மேல் அக்ரிலிக்கோ எனாமலோ அடிக்கலாம். எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் கொதித்த பாலின் ஆடை போல் சுருங்கிவிடும். கறை வேலைக்கு எனாமலையோ ஓவியர்களின் எண்ணெய் வர்ணத்தையோ எடுப்பது இதனால்தான்: அதன் தின்னர் கீழே உள்ள அக்ரிலிக் கிளியரைத் தொடாது.

அக்ரிலிக் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. தமியா கம்பனியின் போத்தலில் இருப்பது ஆல்கஹோலோடு நன்றாகக் கலக்கும். வலெஹோ கம்பனியின் அக்ரிலிக்கில் ஆல்கஹோலை ஊற்றினால் திரைந்து கட்டி கட்டியாகிவிடும், காற்றழுத்தத்தால் நிறம் தெளிக்கும் எயர்பிரஷ் அடைத்துக்கொள்ளும். அதற்கு அந்தக் கம்பனியின் தின்னரையே வாங்குங்கள்.

ஹாட்வெயார் கடைத் தின்னர் மலிவு. அது போதாதா சேர்?

அங்கே கிடைக்கும் என்சி தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும். எயர்பிரஷின் உலோகப் பாகங்களைக் கழுவ நல்லது. மாதிரியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதே கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் எனாமலுக்கும் எண்ணெய் வர்ணத்துக்கும் ஒத்துவரும். ஆனால் வெறும் பிளாஸ்டிக்கில், முக்கியமாக ஒட்டிய இடங்களில், அதைத் தேங்கவிட்டால் வெடிப்பு விழும். தமியா அக்ரிலிக்குக்குப் பார்மசியில் விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹோல் போதும். சேர்மானம் எதுவும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

இங்க வருஷம் பூரா மழைதானே. எந்த நாள்ல கிளியர் அடிக்கிறது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலும் தேயிலைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, மஸ்கெலியா எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நம் மேல்தான் விழும். ஜனவரி முதல் மார்ச் வரை பகல் காய்ந்து, இரவு குளிர்ந்து இருக்கும். திம்புள்ளைத் தேயிலைக்கு நல்ல வாசம் ஏறுவது அப்போதுதான். மலைக்கு அந்தப்பக்கம் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளையில் கணக்கு தலைகீழ். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் அவர்களை நனைக்கும், ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும், ஊவாத் தேயிலையின் பருவம் வரும். தேயிலைக்கு நல்ல நாள் கிளியருக்கும் நல்ல நாள். இரண்டுக்கும் வேண்டியது காய்ந்த காற்று.

அதற்காக மற்ற மாதங்களில் சும்மா இருக்கச் சொல்லவில்லை. ஜூனில் ஒட்டுங்கள், அரம் போடுங்கள், விமானி அறையைத் தூரிகையால் தீட்டுங்கள். கிளியரை மட்டும் நாள் பார்த்து அடியுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை வரும் என்பதால் காலை வேளை. வேறு நாட்களிலும் காலை பத்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் இடையில் முடித்துவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் பனி இறங்கத் தொடங்கினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதவர்களுக்கு ஒரு வழி. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் இரட்டை வெப்பமானி தொங்கும்: ஒரு குமிழ் காய்ந்தது, மற்றது ஈரத்துணி சுற்றியது. வீட்டில் சாதாரண வெப்பமானி இரண்டை வைத்து இதைச் செய்யலாம். ஒன்றின் குமிழில் நனைந்த பஞ்சுத்திரியைச் சுற்றி விசிறியால் கொஞ்ச நேரம் வீசுங்கள். காய்ந்தது 20 பாகை, நனைந்தது 16 பாகை என்றால் ஈரப்பதன் ஏறக்குறைய 65 சதவீதம், அடிக்கலாம். 20க்கு 18 என்றால் 80ஐத் தாண்டிவிட்டது, அடிக்க வேண்டாம்.

கிளியர் அடிச்சு அஞ்சு நிமிஷத்துல வெள்ளையா பூத்துப்போச்சு. மாதிரி போச்சா?

போகவில்லை. என் முதல் ஹரிக்கேனுக்கும் (இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியச் சண்டை விமானம்) இப்படித்தான் ஆனது. ஒரு ஜூன் மாதம், வெளியே தூறல், நாளைக்கே முடித்துவிட வேண்டும் என்ற ஆசை. இறக்கை முழுவதும் பால் ஊற்றியது போல் ஆகிவிட்டது. அன்று இரவு நான் தூங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லாக்கரின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்த இடத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மாதிரியின் மேற்பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் படிந்து, காயாத பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. அந்த வெள்ளை அதுதான். காய்ந்த நாளுக்குக் காத்திருங்கள். பிறகு லாக்கர் தின்னரில் ரிட்டார்டர் எனப்படும், காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் கொஞ்சம் கலந்து, தூரத்திலிருந்து மிக மெல்லிய பனி போல் அடியுங்கள். பூச்சு லேசாக இளகும், ஈரம் வெளியேறும், கண்ணெதிரே தெளியும். நனையும் அளவுக்கு அடித்தால் கீழே உள்ள நிறமும் டெகலும் கரையும், கவனம்.

மேட் கிளியரில் வரும் வெள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மங்கலாக்குவதற்காகச் சேர்க்கும் பொடி அளவு மீறினால், அல்லது போத்தலை நன்றாகக் குலுக்காவிட்டால், உறைபனி விழுந்த புல் போலாகும். அப்படியானால் அதன் மேல் பளபளப்பான கிளியர் ஒரு பூச்சு கொடுங்கள், வெள்ளை மறைந்துவிடும். காய்ந்தபின் மேட்டை மறுபடி மெல்லியதாக அடிக்கலாம்.

எயர்பிரஷ்ல பெயின்டோட தண்ணிச் சொட்டும் சேர்ந்து தெறிக்குது.

கொம்பிரசர் நம் ஈரக் காற்றை அமுக்குகிறது. அமுக்கிய காற்று குழாயில் குளிரும்போது தண்ணீராகிறது. குழாயில் தண்ணீர்ப்பொறி இல்லாமல் மலையகத்தில் எயர்பிரஷ் பிடிக்க வேண்டாம். அதை எயர்பிரஷுக்குக் கிட்ட, கொம்பிரசரை விட்டுத் தள்ளிப் பொருத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும்.

எயர்பிரஷ் வாங்க வசதியில்ல. தூரிகையால கிளியர் அடிச்சா கோடு கோடா தெரியுமா?

பளபளப்பான கிளியரைத் தூரிகையால் நன்றாகவே அடிக்கலாம். அகலமான, மெல்லிய மயிருள்ள தட்டைத் தூரிகை. கிளியரைக் கொஞ்சம் நீர்க்கச் செய்து, ஒரே திசையில் இழுத்துவிட்டு விடுங்கள். பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பிப் போனால்தான் கோடு விழும். மூன்று மெல்லிய பூச்சு, இடையில் ஒரு நாள். மிச்சக் கோடுகளை 2000 வோட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு மெல்லத் தேய்த்துவிடலாம்.

மேட் கிளியர் தூரிகைக்கு அடங்காது, திட்டுத் திட்டாக வரும். ஒரே ஒரு ஸ்பிரே டின் வாங்கத்தான் காசு இருக்கிறதென்றால், அது மேட் கிளியராக இருக்கட்டும். ஸ்பிரே டின்களை விமானத் தபாலில் அனுப்ப முடியாது, ஊருக்கு வரும் சொந்தக்காரர்களின் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். குளிர்காலையில் டின்னின் அழுத்தம் குறைந்து துளித் துளியாகத் தெறிக்கும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, துடைத்து, குலுக்கி அடியுங்கள். கொதிநீரும் அடுப்பும் கூடவே கூடாது, டின் வெடிக்கும்.

லயக் காம்பராவுல அடுப்பும் இருக்கு, தம்பி தங்கச்சி படுக்கிறதும் அங்கதான். எங்க வச்சு அடிக்கிறது அண்ணா?

கொட்டகலைப் பக்கம் ஒரு பிள்ளை கேட்டது. லாக்கர், எனாமல், ஸ்பிரே டின் மூன்றையும் காம்பராவுக்குள் அடிக்கவே வேண்டாம். ஆவி தீப்பிடிக்கும், அடுப்புத் தணலே போதும். தூங்குகிற பிள்ளைகளின் மூச்சுக்கும் கெடுதல். பகலில் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் வைத்து அதற்குள் அடியுங்கள். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரித்தட்டு உள்ள சுவாசக்கவசம் வேண்டும். அது இல்லையென்றால் தண்ணீர் அக்ரிலிக்கும் தூரிகையும் போதும். அதில் அழகான மாதிரிகள் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

காயவைப்பதும் முக்கியம். விறகடுப்புப் புகையும் கரியும் ஈரக் கிளியரில் ஒட்டினால் போகாது. பெரிய பிஸ்கட் தகரத்துக்குள்ளோ கவிழ்த்த பிளாஸ்டிக் வாளிக்குள்ளோ வையுங்கள். தின்னர் வாடை அடங்கியபின், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் உள்ளே போடுங்கள். சூடு காட்டுகிறவர்கள் 40 பாகையைத் தாண்டவிடாதீர்கள், இறக்கை வளைந்துவிடும்.

காய்ஞ்சிருச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? தொட்டுப் பார்த்தா ரேகை விழுது.

தொடாமல் முகருங்கள். வாசம் இருக்கும் வரை தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. தமியா அக்ரிலிக் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நிமிடத்தில் வந்துவிடும். மேலே கிளியர் அடிக்க ஒரு இரவு விடுங்கள். பளபளப்பான எனாமலுக்கு இங்கே மூன்று நான்கு நாள். மழை நாட்களில் அதற்கு மேலும் ஒரு நாள்.

டெகலைச் சுத்தி வெள்ளி மாதிரி மினுங்குது. டெகல் பழசா?

டெகலில் குறை இல்லை. மேட் நிறம் நுண்ணிய மேடு பள்ளமாக இருக்கும். டெகல் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்காமல் மேலே படுக்க, அடியில் காற்று மாட்டுகிறது. வெள்ளியாகத் தெரிவது அந்தக் காற்றுதான். முதல் பதிலில் டெகலுக்கு முன் பளபளப்பான கிளியர் என்று சொன்னதற்கு இதுவே காரணம்.

ஒட்டும்போது இடத்தை மைக்ரோ செட் போன்ற திரவத்தால் நனைத்து, டெகலை வைத்து, ஈரப்பஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் தண்ணீரை ஒற்றி எடுங்கள். பிறகு மைக்ரோ சோல் போன்ற இளக்கும் திரவத்தைத் தொட்டு வைத்தால் டெகல் சுருங்கும். பயந்து தொடாதீர்கள், தானாகவே படிந்துவிடும். ஏற்கெனவே வெள்ளி விழுந்துவிட்டதா? ஊசிமுனையால் அந்த இடத்தில் சில குத்துக் குத்தி, இளக்கும் திரவத்தை மறுபடி வையுங்கள். இரண்டு மூன்று தடவையில் பெரும்பாலும் படிந்துவிடும்.

எந்த டெகல் என்பதையும் பாருங்கள். ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமல் இருக்க, போரின் நடுவில் நம் பிராந்தியத்துப் பிரித்தானிய விமானங்களின் வட்டச்சின்னத்தில் சிவப்பை நீக்கிவிட்டார்கள். 1942 ஏப்ரலில் இங்கே பறந்த ஹரிக்கேனுக்கும் 1944இல் பர்மாவில் பறந்ததற்கும் ஒரே டெகல் ஆகாது.

பேனல் கோட்டுக்குக் கறுப்பு ஊத்தினேன். கட்டம் போட்ட சாரம் மாதிரி இருக்கு.

முழுக் கறுப்பு வேண்டாம். 1/72 மாதிரியை, அதாவது நிஜத்தின் 72இல் ஒரு பங்கு அளவானதை, 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பார்ப்பது, நிஜ விமானத்தை ஏறக்குறைய 22 மீற்றர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் தகட்டு இடைவெளி கறுப்புக் கோடாகத் தெரியாது, லேசான நிழலாகத்தான் தெரியும். பச்சைக்குக் கடும் கபிலம், சாம்பலுக்குக் கொஞ்சம் கருத்த சாம்பல் என்று அடி நிறத்தையே கருமையாக்கி எடுங்கள். சுக்கான், இறக்கையின் பின்விளிம்பு மடிப்புப் போன்ற அசையும் பாகங்களின் கோடுகளை மட்டும் கொஞ்சம் அழுத்தமாக்கலாம்.

கிளியர் பளபளப்பாக இருந்தால் கலவை கோட்டுக்குள் தானே ஓடும். அரை மணி நேரம் கழித்து, டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் காற்றோட்டத் திசையில், மூக்கிலிருந்து வாலுக்குத் துடையுங்கள். மிச்சம் இருப்பது மழைநீர் இழுத்த அழுக்குப் போல் இருக்கும். இதே தூரக் கணக்கில்தான் நிறத்தையும் கொஞ்சம் வெளிறச் செய்கிறார்கள். அசல் நிறத்தை அப்படியே அடித்தால் சின்ன மாதிரியில் கருத்துப் போகும்.

வெள்ளி பென்சிலால பெயின்ட் உரிஞ்ச மாதிரி எங்கெங்க போடலாம்?

முதலில் அந்த விமானம் எதனால் செய்யப்பட்டது என்று கேளுங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை எதிர்த்து இரத்மலானையிலிருந்து 30ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்களும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து 258ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்களும் எழும்பின. நம் நாட்டு வானத்தில் பறந்தவை என்பதால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் செய்ய விரும்புகிறார்கள். உடனே உடல் முழுக்க வெள்ளிப் புள்ளி வைத்துவிடுகிறார்கள். ஹரிக்கேனின் உடலில் விமானி அறைக்குப் பின்னால் இருப்பது மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. துணியிலிருந்து அலுமினியம் எப்படித் தெரியும்? அங்கே ஒரு புள்ளிகூட வேண்டாம், லேசான வெளிறலும் அழுக்கும் போதும்.

வெள்ளி வைக்க வேண்டிய இடம், ஆள் கால் வைக்கும் இறக்கை அடி, துப்பாக்கி அறை மூடிகளின் ஓரம், எஞ்சின் மூடியின் திருகுகளைச் சுற்றி, இறக்கையின் முன்விளிம்பு. சின்னச் சின்னதாக, ஒழுங்கில்லாமல். துப்பாக்கித் துளைகளின் மேல் சிவப்புத் துணி ஒட்டியிருப்பார்கள். சுட்டுவிட்டு வந்த விமானம் என்றால் அது கிழிந்து, இறக்கைக்கு அடியில் பின்னோக்கிப் புகைக்கோடு இழுத்திருக்கும். மற்ற விமானங்களில், மொஸ்கிட்டோவின் உடலும் இறக்கையும் மரம். சுவோர்ட்பிஷின் வெளிப்பரப்பு பெரும்பாலும் துணி. ஏப்ரல் 4ஆம் திகதி ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு சொன்ன, கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா நீர்விமானத்தின் உடல் உலோகம், ஆனால் இறக்கையின் பின்பகுதி துணி.

பெரிய உரிவுகளுக்குத் தலைமயிருக்கு அடிக்கும் ஹெயார்ஸ்பிரே நல்லது. வெள்ளி நிறத்தைக் கிளியரால் பூட்டி, மேலே ஹெயார்ஸ்பிரே, அதன் மேல் அக்ரிலிக் நிறம். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த தூரிகையால் தேய்த்தால் நிறம் உரிந்து வரும்.

அன்னைக்கு வந்த ஸீரோவுக்கும் மேட்தானே அடிக்கணும்?

முழு மேட் வேண்டாம். 1942இல் விமானந்தாங்கிகளிலிருந்து வந்த ஜப்பானிய ஸீரோ சண்டை விமானங்களின் பச்சைச் சாயல் கலந்த சாம்பல் பூச்சில் ஒரு மினுமினுப்பு இருந்தது. எஞ்சின் மூடி நீலம் கலந்த கறுப்பு. பளபளப்புக்கும் மேட்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். ஒரே கம்பனியின் பளபளப்பான கிளியரில் மங்கலாக்கும் திரவத்தைப் பத்துக்கு ஒரு பங்கில் தொடங்கிக் கலந்து, கழிவுப் பிளாஸ்டிக்கில் அடித்துப் பாருங்கள். பெயின்ட் தகடு தகடாக உரிந்த ஸீரோ படங்கள் பெரும்பாலும் போரின் பிற்காலத்தவை. அதை இதில் காட்ட வேண்டாம்.

வெறும் அலுமினிய விமானத்துக்கு வெள்ளி பெயின்ட் அடிச்சா பொம்மை மாதிரி இருக்கே?

அடியில் என்ன இருக்கிறது என்பதே இதில் முக்கியம். பளபளப்பான கறுப்பைக் கண்ணாடி போல் அடித்து, முழுதாகக் காயவிட்டு, அதன் மேல் அல்கிளாட் போன்ற உலோக லாக்கரை மிக மெல்லியதாக அடித்தால் கறுப்பின் மினுக்கு உலோக மினுக்காக மாறும். கறுப்பில் ஒரு தூசி இருந்தாலும் அது இரண்டு மடங்காகத் தெரியும். சில தகடுகளை மட்டும் மறைத்து இன்னொரு சாயல் அடித்தால் உயிர் வரும். இதற்கு மேட் கிளியர் போட்டால் அத்தனை உழைப்பும் சாம்பலாகிவிடும்.

லாக்கர் இல்லாதவர்கள் சமையலறை அலுமினியத் தாளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மெல்லிய வார்னிஷ் ஒட்டும் பதத்தில் இருக்கும்போது பதித்து, பஞ்சால் தேய்த்துப் படியவைக்கலாம். தேயிலைச் சாக்கின் உள்ளே இருக்கும் வெள்ளித்தாள் உதவாது. அது கடதாசியோடு ஒட்டியது, வளைவுக்கு மடங்காது.

கண்ணாடி மூடி உள்ளுக்குள்ள பனி பிடிச்ச மாதிரி ஆயிருச்சு.

சுப்பர் குளூவால் ஒட்டியிருப்பீர்கள். அதன் ஆவி ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும். இனி மூடிக்கு மரவேலை செய்பவர்களின் வெள்ளைப் பசையை எடுங்கள், காய்ந்தால் தெளிவாகிவிடும். ஒட்டுவதற்கு முன் பளபளப்பான கிளியரில் முக்கி, ஓரத்தை டிஷ்யூவில் ஒற்றிக் காயவைத்தால் சின்னக் கீறல்களும் மறையும்.

நான் மஸ்கெலியா. ஏழு கன்னியர் மலையில மோதின விமானத்தைச் செய்யணும்னு ஆசை. அதுக்கு எப்படி மாமா முடிக்கிறது?

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களோடு சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வந்துகொண்டிருந்த மார்ட்டின் எயர் டிசி-8 அந்த மலையில் மோதியது. இருந்த 191 பேரும் இறந்தார்கள். நோட்டன்பிரிட்ஜில் அதன் டயர் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அந்த விமானத்தைச் செய்ய நினைப்பது நல்லதுதான். சேதத்தைக் காட்டாமல், அது முழுதாகப் பறந்த நாளில் இருந்தபடி செய்யச் சொல்வேன்.

பயணிகள் விமானத்துக்கு முன்பு சொன்ன கறை வேலை ஒன்றும் பொருந்தாது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர்விமானம் இறங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கழுவித் துடைத்த வெள்ளை. அந்தக் காலத்து ஜெட்களில் பலவற்றுக்கு மேலே வெள்ளை, அடியில் வெறும் அலுமினியம். வெள்ளையை ஒரே அடியில் மூட நினைக்காதீர்கள். நான்கைந்து மெல்லிய பூச்சு, ஒரு கிழமை காயவிட்டு 2000 வோட்டர் பேப்பர், அப்புறம் டெகல். மேலே பளபளப்பான கிளியர். முதல் இரண்டு பூச்சு தூரத்திலிருந்து லேசாக இருக்கட்டும், நனையும்படி லாக்கர் கிளியர் அடித்தால் டெகல் சுருங்கிவிடும். இன்னொரு கிழமை கழித்து 2000, 3000 தேய்த்து, கார் பொலிஷ் செய்யும் பசையை மென்துணியால் போட்டு மினுக்குங்கள். எனாமல் வெள்ளை வருடக்கணக்கில் மஞ்சளாகும், இதற்கு எடுக்க வேண்டாம். 1/144 அளவில் பேனல் கோட்டுக்கு எதுவும் ஊற்றாதீர்கள். சுக்கான் மடிப்புகளுக்கு மட்டும் மெல்லிய சாம்பல் போதும்.

முடிச்சு அலமாரியில வச்சேன். ஆறு மாசத்துல மேட் பூச்சுல பூஞ்சணம் பிடிச்சிருக்கு.

மேட் பூச்சின் நுண்ணிய பள்ளங்களில் தூசியும் ஈரமும் தங்கும், கை எண்ணெயும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு ஆகிவிடும். மெல்லிய தூரிகையால் உலர்ந்தபடியே, வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டிவிடுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள், மேட் மினுங்கத் தொடங்கும். ஆல்கஹோல் தொடவே வேண்டாம். ஒரு நாள் காய்ந்ததும், நல்ல நாள் பார்த்து இன்னொரு மெல்லிய மேட்.

வெளிச்சுவரில் சாய்ந்த அலமாரியைச் சுவரை விட்டு நாலு விரல் தள்ளி வையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நான் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவற்றை வெளியே எடுத்து, இதற்கென்றே வைத்திருக்கும் பழைய தகரத்தில் போட்டு அடுப்பின் மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்கிறேன். நிறம் மாறும் மணிகள் என்றால் சமையல் பாத்திரத்தில் போட வேண்டாம், நிறத்துக்காகச் சேர்த்திருக்கும் மருந்து நஞ்சு.